ஒரு ஜேர்மன் மலைக்கிராமத்தின் நிலத்தையும் போர்க்கால வரலாற்றையும் மலையகத்திலிருந்து கற்பது எப்படி

உயர்தர வகுப்பில் புவியியலையும் வரலாற்றையும் சேர்த்துக் கற்கும் நம் மாணவர்கள், ஒப்படைக்காகவோ வாசிப்பு வட்டத்துக்காகவோ ஒரு வெளிநாட்டு ஊரைத் தெரிவுசெய்ய நேரும்போது, பெரும்பாலும் பெரிய நகரங்களையே நாடுகிறார்கள். இலங்கை மலையகத்தின் அப்புத்தளையிலோ ஹட்டனிலோ வளர்ந்த ஒருவருக்கு மலைக்கிராமமே மிகப் பொருத்தமான பாடம் என்பது என் உறுதியான கருத்து. சரிவும் மூடுபனியும் மண்சரிவும், ஒரு வீதி மூடப்பட்டால் ஊரே துண்டிக்கப்படும் நிலையும் என்னவென்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இந்த வழிகாட்டி தெற்கு ஜேர்மனியின் ஒபர்சால்ஸ்பேர்க் என்னும் மலைக்கிராமத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய ஊர் ஒன்றின் நிலத்தையும் அதன் போர்க்காலத்தையும் எந்த ஒழுங்கில் கற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

அந்த ஊரை உலகம் அறிந்திருப்பது அடொல்ப் ஹிட்லரின் மலை இல்லம் அங்கே இருந்த காரணத்தால்தான். ஆகவே அதைப் பற்றி எழுதத் தொடங்குபவர்கள் முதல் வரியிலேயே அந்தப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள்; அதன்பின் கட்டுரை ஒரு மனிதனின் வாழ்க்கைக் குறிப்பாகிவிடுகிறது, ஊர் பின்னணிப் படமாகச் சுருங்கிவிடுகிறது. நிலத்தை முதலிலும், அந்த நிலத்தில் வாழ்ந்து வேலை செய்தவர்களை இரண்டாவதாகவும், அதிகாரத்தை அதற்குப் பின்னரும் படியுங்கள். அப்படிப் படிக்கும்போதுதான், அதிகாரம் ஏன் அந்த மலையைத் தேடி வந்தது என்ற கேள்விக்கு விடை நிலத்திலேயே இருப்பது தெரியவரும்.

வரைபடத்தை முதலில் விரியுங்கள்

பவேரிய மாநிலத்தின் நில அளவைத் துறை, தன் இடவிளக்கப்படங்களை பயர்ன் அட்லஸ் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. சமவுயரக் கோடுகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, முதலில் பெர்ச்டெஸ்காடன் என்னும் சிறு நகரைக் கண்டுபிடியுங்கள். ஜேர்மனியின் தென்கிழக்கு மூலையில், ஒஸ்திரியாவுக்குள் ஆப்புப் போல இறங்கி நிற்கும் பகுதி அது. மூன்று பக்கமும் எல்லை, எல்லா எல்லையும் மலை. வடக்கே சற்றுத் தொலைவில் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரம் இருக்கிறது. பெர்ச்டெஸ்காடனுக்குக் கிழக்கே எழும் சரிவில், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் இருப்பதே ஒபர்சால்ஸ்பேர்க். அதற்கும் மேலே, பின்னாளில் 1834 மீற்றரில் ஒரு வீடு எழுந்த கேல்ஸ்டைன் என்னும் பாறைமுகடும், அதன் முதுகுக்குப் பின்னால் 2522 மீற்றரில் ஹோஹர் கோல் சிகரமும் நிற்கின்றன. தென்மேற்கில் 2713 மீற்றர் உயரமான வாட்ஸ்மன் தெரியும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. நீங்கள் நடந்து பழகிய உயரங்களின் அருகே அவற்றை வைத்துப் பாருங்கள். பெர்ச்டெஸ்காடன் நகரம் 570 மீற்றர் அளவில், ஏறக்குறைய கண்டியின் உயரத்தை ஒட்டியே இருக்கிறது. ஒபர்சால்ஸ்பேர்க் கிராமம் பண்டாரவளையைவிடத் தாழ்வானது. கேல்ஸ்டைன் முகட்டில் அந்த வீடு எழுந்த இடம் நுவரெலியா நகரத்தின் 1868 மீற்றருக்குச் சற்றே கீழே இருக்கிறது. கோல் சிகரம் நம் பீதுருதாலகாலையின் 2524 மீற்றரோடு ஏறத்தாழச் சமம். உயரம் ஒன்றாக இருந்தும் நிலம் முற்றிலும் வேறாக இருப்பது ஏன் என்ற கேள்வி இங்கே தானாக எழும். நுவரெலியாவின் உயரத்தில் நம்மிடம் தேயிலையும் மரக்கறித் தோட்டமும் இருக்க, அதே உயரத்தில் அங்கே மரங்கள் வளர்வதே நின்றுவிடுகிறது. வட அல்ப்ஸ் மலைகளில் மரவெல்லை ஏறத்தாழ 1700 முதல் 1800 மீற்றர் வரையில் முடிந்துவிடுகிறது. நாம் பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகை வடக்கே இருக்கிறோம், அவர்கள் 47 பாகைக்கும் மேலே இருக்கிறார்கள். அகலக்கோட்டின் ஆற்றலைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, இந்த ஓர் ஒப்பீட்டில் நன்றாக விளங்கிக்கொள்ளலாம்.

அடுத்ததாக ஒரு குறுக்குவெட்டு முகம் வரையுங்கள். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் கட்டுரைகளில் மலை ஒருபோதும் மலையாக எழுவதில்லை. 1:50,000 அளவில் அச்சிட்ட படத்தின்மேல், பெர்ச்டெஸ்காடன் நகரிலிருந்து கேல்ஸ்டைன் முகடு வரை ஒரு கடதாசித் துண்டின் நேர்விளிம்பை வைத்து, விளிம்பு வெட்டும் ஒவ்வொரு தடித்த சமவுயரக் கோட்டிலும் பென்சிலால் ஒரு சிறு கீறலிட்டு, கீறலுக்குக் கீழே அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கும் முகட்டுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 4 கிலோமீற்றர். ஆகவே உங்கள் துண்டில் அது 8 சென்ரிமீற்றர் அளவில் வரும். அந்தத் துண்டை வரைபுத்தாளின் அடிக்கோட்டில் வைத்து, நிலைக்குத்தாகவும் அதே அளவுத்திட்டத்தையே பயன்படுத்தினால், 1260 மீற்றர் ஏற்றம் இரண்டரைச் சென்ரிமீற்றராக எழும். நிலைக்குத்து அளவை மிகைப்படுத்தாமல் முதலில் ஒருமுறை இப்படி வரைவது நல்லது, உண்மையான சரிவு கண்ணில் படியும். பிறகு இரண்டு மடங்கு மிகைப்படுத்தி இன்னொன்று வரைந்து, ஒபர்சால்ஸ்பேர்க் நிற்கும் இடத்தைப் பாருங்கள். கீழே செங்குத்து, மேலே செங்குத்து, நடுவில் சற்றே சாய்ந்த ஒரு படி; மேய்ச்சலுக்கும் வீடுகளுக்கும் ஏற்ற அந்தப் படியில்தான் கிராமம் அமைந்தது. இதே வேலையைப் பதுளையிலிருந்து நமுனுகுல மலை வரைக்கும் செய்து பக்கத்தில் ஒட்டி வைத்தால், உங்கள் கட்டுரையை வாசிப்பவர் எவரும் அதை மறக்கமாட்டார்.

பாறை, நீர், காற்று

நம் மத்திய மலைநாடு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. பெர்ச்டெஸ்காடன் மலைகளோ பெரும்பாலும் சுண்ணக்கல்லும் தொலமைற்றும் கொண்டவை. ஒருகாலத்தில் வெப்பக் கடலின் அடியில் படிந்தவை. சுண்ணக்கல் நீரைத் தாங்கி நிற்பதில்லை, வெடிப்புகள் வழியே உள்ளே இறக்கிவிடும்; அதனால் மேற்பரப்பில் வறண்ட பாறைமேடுகளும், உள்ளே குகைகளும், அடிவாரத்தில் ஊற்றுகளும் உண்டாகின்றன. பனிக்கட்டியாறுகள் பள்ளத்தாக்குகளை ஆழமாகச் சீவிச் சென்றதன் சாட்சியாகத் தெற்கே கோனிக்ஸ்சே ஏரி கிடக்கிறது. நீண்டு ஒடுங்கிய அந்த ஏரி ஏறத்தாழ 190 மீற்றர் வரை ஆழமானது. இருபுறமும் பாறைச் சுவர் நேரே நீருக்குள் இறங்குகிறது. பனிக்கட்டியாறு நம் மலைகளைத் தொட்டதில்லை. நம் பள்ளத்தாக்குகளை ஆறும் மழையும் வெட்டின என்பதை இந்த இடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து செல்லலாம்.

காற்றுக்கு அதைவிடக் கூடுதலான இடம் கொடுங்கள். அல்ப்ஸின் தென்புறத்திலிருந்து ஏறிவரும் காற்று, ஏறும் பக்கத்தில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வடபுறச் சரிவில் வெப்பமாகவும் வறட்சியாகவும் இறங்குவதை ‘போன்’ (Föhn) காற்று என்கிறார்கள். ஊவாவில் வாழ்பவருக்கு இது புதிதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளையிலும் ஹட்டனிலும் மழையைப் பெய்துவிட்டு, மலைமுகட்டைக் கடந்து நம் பக்கம் வறண்டு வீசும் அதே பொறிமுறைதான். கிழக்குக் கரை வரை போய் கச்சான் என்று பெயர் பெறுவதும் அதுதான். யூலை முதல் செப்ரெம்பர் வரை அந்த வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் மணத்தை அறிந்த ஒரு மாணவர், ஜேர்மன் பாடநூலில் போன் காற்றைப் பற்றிப் படிக்கும் எவரையும்விட ஆழமாக அதை விளக்க முடியும்.

உப்பும் அதை எடுத்தவர்களும்

மனிதர்களிடம் வரும்போது, அந்த மலை எதைக் கொண்டு பிழைத்தது என்று கேளுங்கள். விடை, உப்பு. பெர்ச்டெஸ்காடனின் உப்புச் சுரங்கம் 1517இல் தொடங்கி இன்றுவரை இயங்குகிறது. மலைக்குள் நீரைப் பாய்ச்சி, உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரைக் காய்ச்சி எடுப்பதே முறை. 1817இல் கியோர்க் வொன் றைக்கன்பாக் என்னும் பொறியியலாளர் உப்புநீரை மலை கடந்து றைக்கன்ஹால் நகருக்குக் கொண்டுசெல்லும் குழாய்வழியை அமைத்தார். உப்பின் செல்வத்தால்தான் இந்தச் சிறு பள்ளத்தாக்கு, ஒரு மடத்தின் ஆட்சியில், 1803 வரை தனி நாடாக நிற்க முடிந்தது. 1810இல் அது பவேரியாவோடு சேர்ந்தது. சுரங்கத் தொழிலாளர்களும் கால்நடை வளர்த்த சிறு விவசாயிகளுமே சரிவுகளில் குடியிருந்தார்கள்.

1877இல் மொரிற்சியா மாயர் என்ற பெண் ஒபர்சால்ஸ்பேர்க்கில் ஒரு விருந்தினர் விடுதியைத் தொடங்கியதும், 1888இல் பெர்ச்டெஸ்காடனுக்கு இருப்புப்பாதை வந்ததும் ஊரை மாற்றின. நகரத்து வசதி படைத்தவர்கள் கோடை காலத்தில் மலைக்கு வரத் தொடங்கினார்கள். நம் நுவரெலியா ஆங்கிலேயருக்கு உல்லாச ஊராக மாறியதும், இருப்புப்பாதை 1890களில் அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்கு வந்து சேர்ந்ததும் இதே காலத்தை ஒட்டியவை. அந்தப் பாதையை நீங்கள் மறக்க வேண்டாம், கட்டுரையின் பிற்பகுதியில் அது தேவைப்படும்.

ஊரிடமிருந்து மலை பறிக்கப்பட்ட விதம்

இப்போதுதான் அந்த மனிதர் வருகிறார். ஹிட்லர் 1923இல் முதன்முதலாக ஒபர்சால்ஸ்பேர்க்குக்கு வந்தார். 1928இல் அங்கே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஆட்சியைப் பிடித்த 1933இல் அதை விலைக்கு வாங்கினார். 1935, 1936ஆம் ஆண்டுகளில் அந்த வீடு பேர்க்ஹோப் என்ற பெரிய மாளிகையாக விரிவாக்கப்பட்டது. இந்த ஆண்டுகளை ஒரு காலக்கோட்டில் மேல்வரிசையில் எழுதுங்கள். கீழ்வரிசையில், அதே ஆண்டுகளில் ஊரவர்களுக்கு என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். பெரும்பாலான நூல்களில் மேல்வரிசை நிரம்பியும் கீழ்வரிசை வெறுமையாகவும் இருக்கும். உங்கள் உழைப்பு கீழ்வரிசைக்கே உரியது.

அங்கே எழுத வேண்டியவை இவை: ஹிட்லரின் நெருங்கிய அதிகாரியான மார்ட்டின் போர்மான், வீடு வீடாகவும் பண்ணை பண்ணையாகவும் அந்த மலையை வாங்கினார். விற்க மறுத்தவர்கள் மிரட்டப்பட்டார்கள். பேர்க்ஹோபுக்கு அருகில் இருந்த ட்ஸூம் ரூர்க்கன் என்ற விடுதியின் உரிமையாளர் 1933இலேயே வெளியேற்றப்பட்டு, அவரது கட்டடம் பாதுகாப்புப் படையினரின் இருப்பிடமாக்கப்பட்டது. 1949இல்தான் அவருடைய குடும்பத்தால் அங்கே திரும்ப முடிந்தது. 50க்கும் மேற்பட்ட வீடுகள் மறைந்தன. தலைமுறைகளாக வாழ்ந்த சில நூறு பேர் மலையைவிட்டு இறங்கினார்கள். மலையைச் சுற்றி வேலி எழுந்தது, வாயில்களில் காவல் நின்றது, காவலர்களுக்குப் படைக்குடியிருப்புகள் வந்தன. காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் தலைமுறைகளாக ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே அறிவித்தலில் வெளியேறச் சொல்லப்படக்கூடிய நிலையை அறிந்த நம் மக்களுக்கு, உறுதிப் பத்திரம் கையில் இருந்தவர்களுக்கும் இது நேர்ந்தது என்ற செய்தி ஆழமாகத் தைக்கும். அதை உங்கள் கட்டுரையில் வெளிப்படையாக எழுதத் தயங்க வேண்டாம்.

கட்டியவர்கள் யார் என்பதையும் கேளுங்கள். கேல்ஸ்டைன் முகட்டில் உள்ள வீட்டுக்கான பாதை 1937, 1938ஆம் ஆண்டுகளில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. 6.5 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை சுமார் 800 மீற்றர் ஏறுகிறது. அதன் முடிவில் மலைக்குள் 124 மீற்றர் சுரங்க நடைபாதையும், அங்கிருந்து 124 மீற்றர் மேலே தூக்கிச் செல்லும் மின்தூக்கியும் இருக்கின்றன. இத்தனை பெரிய வேலை முடிந்தபின் ஹிட்லர் அந்த வீட்டுக்கு மிகச் சில தடவைகளே போனார். பாறை உடைத்த தொழிலாளர்கள் பல நாடுகளிலிருந்து வந்து மரக் குடில் முகாம்களில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். அவர்களில் சிலர் அந்த வேலையிலேயே உயிரிழந்தார்கள். போர்க் காலத்தில் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். பாதையின் அழகைப் பற்றி ஒரு வரி எழுதினால், அதை வெட்டியவர்கள் தங்கிய குடில்களைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். கடுகண்ணாவையிலிருந்து பதுளை வரைக்கும் நம் மலைப் பாதைகளை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

போர் நிலத்தோடு மோதிய இடங்கள்

போர்க்கால நிகழ்வுகளைத் தெரிவுசெய்யும்போது, நிலம் ஏதாவது ஒரு வகையில் பங்கெடுத்த நிகழ்வுகளையே எடுங்கள். அரசியல் சந்திப்புகளின் பட்டியல் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும்.

பேர்க்ஹோபின் பெரிய சாளரம் வடக்கு நோக்கி உண்டர்ஸ்பேர்க் மலையைப் பார்த்தது. அந்த மலையின்மீதுதான் ஒஸ்திரிய எல்லை ஓடுகிறது. 1938 பெப்ரவரி 12ஆம் திகதி ஒஸ்திரியாவின் ஆட்சித் தலைவர் கூர்ட் ஷுஷ்னிக் அந்த வீட்டுக்கு வரவழைக்கப்பட்டு மிரட்டப்பட்டார். ஒரே மாதத்தில் ஜேர்மன் படைகள் அவருடைய நாட்டுக்குள் நுழைந்தன. அதே ஆண்டு செப்ரெம்பர் 15ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் நெவில் சேம்பர்லின் செக்கோஸ்லோவாக்கியா பற்றிப் பேச அங்கே வந்தார். போலந்துமீது படையெடுப்பதற்கு முன், 1939 ஓகஸ்ட் 22ஆம் திகதி தளபதிகள் கூட்டப்பட்டதும், 1940 யூலை இறுதியில் சோவியத் நாட்டைத் தாக்கும் முடிவு தளபதிகளிடம் சொல்லப்பட்டதும் இதே மலையில்தான். ஓய்வுக்கான மலைவீடு என்று அதை எழுதுவது பிழையான படத்தைத் தரும். அது இரண்டாவது தலைமையகமாகவே இயங்கியது.

1943 முதல் மலைக்குள் சுரங்கக் காப்பறைகள் வெட்டப்பட்டன. பல கிலோமீற்றர் நீளத்துக்கு அவை நீண்டன. வானிலிருந்து பார்வையை மறைக்கப் பள்ளத்தாக்கைப் புகையால் நிரப்பும் பொறிகளும் வைக்கப்பட்டன. ஹிட்லர் 1944 யூலை 14ஆம் திகதி அங்கிருந்து புறப்பட்டவர் திரும்பி வரவே இல்லை. 1945 ஏப்ரல் 25ஆம் திகதி காலையில் பிரித்தானிய வான்படையின் 359 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களும் 16 மொஸ்கிற்றோ விமானங்களும் ஒபர்சால்ஸ்பேர்க்கைத் தாக்கின.

இந்தத் தாக்குதலில் நின்று நிதானியுங்கள், ஏனெனில் புவியியல் மாணவருக்கான மிகச் சிறந்த பாடம் இங்கே இருக்கிறது. மொஸ்கிற்றோ விமானங்களில் சில, ஓபோ என்ற வானொலி வழிகாட்டும் முறையில் இயங்கின. தரையில் தொலைவான இரண்டு நிலையங்களிலிருந்து வரும் அலைகளை விமானம் நேர்கோட்டில் பெற்றால்தான் அந்த முறை வேலை செய்யும். விமானங்கள் 39,000 அடி உயரத்தில் பறந்தபோதும், ஒரு நிலையத்துக்கும் அவற்றுக்கும் இடையே மலைகள் குறுக்கிட்டன, வழிகாட்டல் தோல்வியடைந்தது. நிலத்தில் கிடந்த பனியும் மூடுபனியும் இலக்கை அடையாளம் காண்பதை மேலும் கடினமாக்கின. பேர்க்ஹோபும் படைக்குடியிருப்புகளும் பலத்த சேதமடைந்தன, முகட்டில் இருந்த கேல்ஸ்டைன் வீடு தப்பியது. சுரங்கங்களுக்குள் ஒதுங்கியவர்களில் பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள். நீங்கள் வரைந்த குறுக்குவெட்டை இந்தப் பந்தியின் பக்கத்தில் வைத்தால் விளக்கம் பாதி முடிந்துவிடும். தொலைபேசி அலை ஒரு மலைத் திருப்பத்தில் கிடைத்து அடுத்த திருப்பத்தில் அறுந்துபோவதை நாள்தோறும் காணும் மாணவர்களுக்கு மீதிப் பாதியும் கடினமாக இராது.

மே 4ஆம் திகதி அமெரிக்கப் படையின் மூன்றாவது காலாட்படைப் பிரிவினர் பெர்ச்டெஸ்காடனுக்குள் நுழைந்தார்கள். பிரெஞ்சுப் படையினரும் பின்தொடர்ந்தார்கள். நகரம் சண்டையின்றி ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்பே காவற்படையினர் பேர்க்ஹோபின் எச்சத்துக்குத் தீவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 1952 ஏப்ரல் 30ஆம் திகதி, ஹிட்லர் இறந்த அதே நாளில், அதன் இடிபாடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. யாத்திரைத் தலமாக அது மாறிவிடக் கூடாது என்பதே நோக்கம். அமெரிக்கப் படை அந்த மலையை 1990களின் நடுப்பகுதி வரை தன் ஓய்வு நிலையமாக வைத்திருந்தது. 1999இல் மியூனிக் நகரின் தற்கால வரலாற்று ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் ஓர் ஆவணக் காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது, சுரங்கத்தின் ஒரு பகுதியையும் அதன் வழியே பார்க்கலாம்.

படங்களை நம்புவதற்கு முன்

இணையத்தில் தேடினால் முதலில் வருபவை ஹைன்ரிக் ஹொப்மான் என்ற, ஹிட்லரின் ஆஸ்தான புகைப்படக்காரர் எடுத்தவையாக இருக்கும்: மலை முற்றம், வெயில், சிரிக்கும் குழந்தைகள், பின்னணியில் பனிமலை. அவை அஞ்சலட்டைகளாக நாடெங்கும் விற்கப்பட்ட பிரசாரப் படங்கள். அத்தகைய ஒரு படத்தைக் கட்டுரையில் சேர்ப்பதாயின், படம் எடுத்தவர் யார், யாருக்காக, எந்த ஆண்டில் என்பதைக் கீழே எழுதுங்கள். பிறகு பழைய வரைபட அடுக்கைத் திறந்து, படம் எடுக்கப்பட்ட முற்றத்துக்கு அருகே முன்னர் நின்ற பண்ணைவீடுகளைத் தேடுங்கள். படச்சட்டத்துக்கு வெளியே விடப்பட்ட வேலியும் காவலும் அகற்றப்பட்ட வீடுகளும் அந்தப் படத்தின் விளக்கக் குறிப்பில் இடம்பெற வேண்டும். குண்டுவீச்சுக்குப் பின் நேச நாட்டு விமானங்கள் எடுத்த வான்படங்கள் இதைவிட நம்பகமானவை. அவற்றையும் பக்கத்தில் வையுங்கள்.

நம் பக்கத்து மலைக்குத் திரும்பிப் பார்த்தல்

கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நான் பரிந்துரைப்பது தியத்தலாவை. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையிலுள்ள அந்தப் புகையிரத நிலையத்தில் எத்தனையோ முறை இறங்கியவர்கள்கூட, அதன் போர்க்கால வரலாற்றை அறிந்திருப்பதில்லை. தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர் வீரர்களை ஆங்கிலேயர் 1900 ஓகஸ்டிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தபோது, பிரதான முகாம் தியத்தலாவையில்தான் அமைந்தது. நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட போயர்கள் மொத்தம் ஏறத்தாழ 5000 பேர். இங்கேயே இறந்தவர்களின் கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. முதலாம் உலகப் போர் மூண்டதும் இலங்கையில் இருந்த ஜேர்மானியர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள், பின்னர் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரிலும் அதே கதை. 1942இல் யப்பானியப் படைகள் நெருங்கியபோது அவர்கள் இந்தியாவின் தேராதூன் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். தொடந்துவையில் தீவுத் துறவகத்தை நிறுவிய ஜேர்மன் பௌத்தத் துறவி ஞானதிலோக தேரர் இரண்டு போர்களிலும் தியத்தலாவையில் அடைபட்டிருந்தார். 1946இல்தான் அவர் தேராதூனிலிருந்து இலங்கைக்குத் திரும்பினார்.

ஏன் தியத்தலாவை என்ற கேள்வியை வரைபடத்திடமே கேளுங்கள். கரையிலிருந்து தொலைவு, மலைகள் சூழ்ந்த திறந்த பத்தனைப் புல்வெளி, அதாவது ஒளிந்து ஓட மறைவில்லாத நிலம், ஐரோப்பியர் தாங்கக்கூடிய குளிர், சில ஆண்டுகளுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்த இருப்புப்பாதை. விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகளே உள்ள மலை, உள்ளே இருப்பவரைப் பாதுகாக்கவும் உதவும், உள்ளே இருப்பவரைப் பூட்டி வைக்கவும் உதவும். ஒபர்சால்ஸ்பேர்க்கை வேலியிட்டவர்களும் தியத்தலாவையை வேலியிட்டவர்களும் நிலத்தில் கண்டது ஒரே தன்மையைத்தான். இந்த ஒற்றுமை ஆட்சிகளுக்கிடையே ஒற்றுமையைக் குறிக்காது என்பதையும் அதே பந்தியில் தெளிவாக எழுதிவிடுங்கள். நீங்கள் ஒப்பிடுவது இரண்டு நிலங்களின் பயன்பாட்டை மட்டுமே.

களவேலைக்குப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தியத்தலாவை இன்றும் இராணுவ நகரம். கல்லறைப் பகுதிக்குப் போகவும் படம் எடுக்கவும் பாடசாலை மூலமாக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். இடவிளக்கப்படத் தாள்களை நில அளவைத் திணைக்களத்தில் வாங்கலாம். பழைய ஓரங்குலப் படத்தின் அளவு 1:63,360. புதிய படம் 1:50,000. இரண்டையும் ஒப்பிடும்போது அளவுத்திட்டத்தை மாற்றிக் கணக்கிட மறக்க வேண்டாம். போர்க் காலத்தைப் பற்றி முதியவர்களிடம் கேட்பதானால் ஆண்டைச் சொல்லிக் கேட்காதீர்கள். பர்மா அரிசி நின்று கோதுமை மா வந்த காலத்தைப் பற்றித் தங்கள் தாய் தந்தையர் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், பாட்டிமார் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். அந்த அரிசித் தட்டுப்பாடு 1942ஐச் சேர்ந்தது என்பதை நீங்கள் பின்னர் குறித்துக்கொள்ளலாம். பேசியவர்களின் சம்மதம் இல்லாமல் அவர்களுடைய பெயரை எழுத வேண்டாம்.

எழுதும்போது ஜேர்மன் பெயர்களுக்கு ஒரே தமிழ் எழுத்துக்கூட்டலைத் தெரிவுசெய்து கடைசி வரை மாற்றாமல் வைத்திருங்கள். உயரங்களை மீற்றரில் எழுதினால் எல்லா இடத்திலும் மீற்றரிலேயே எழுதுங்கள். அடிக் கணக்கு வரும் இடத்தில், விமானம் பறந்த உயரத்தைப் போல, அதை மூலத்தில் உள்ளபடியே விட்டு அடைப்புக்குள் மீற்றரைத் தாருங்கள். இரண்டு குறுக்குவெட்டுகள், இரண்டு வரிசைக் காலக்கோடு, விளக்கக் குறிப்போடு ஒரு புகைப்படம், இவை நான்கும் இருந்தால் படங்களுக்குப் போதும். ஒவ்வொரு வரைபடத்திலும் வடக்குத் திசையும் அளவுத்திட்டமும் சமவுயரக் கோடுகளின் இடைவெளியும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று, ஒப்படைக்கும் முன் வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.